பற்றா, கடனா? ஐக்கிய அமெரிக்காவின் அட்டைக் கொடுப்பனவு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டில் மக்கள் பணங்கொடுக்கும் முறை அந்நாட்டின் பொருளாதார உறவுகளை விளங்கிக்கொள்வதற்கான வாயில்களுள் ஒன்றாகும். நாணயம், தாள், காசோலை, அட்டை என்பன வசதி ஒன்றினையே நோக்கமாகக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னணியிலும் அதனை வெளியிட்டவர்களின் நலனும், அதனை ஏற்றுக்கொண்டவர்களின் நலனும், இவ்விரண்டிற்குமிடையே நிகழ்ந்த இழுபறியும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் இறுதித் தசாப்தம் முதலாக ஐக்கிய அமெரிக்காவின் கடைகளிற் காசாளர் கேட்டுவந்த ஒரு சிறு வினா இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அட்டையை நீட்டிய வாடிக்கையாளரிடம் “பற்றா, கடனா?” என்று கேட்கப்பட்டது. கருவியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றினை அழுத்தினாற் போதும். ஆயின் அப்பொத்தான்களின் பின்னால் நாற்பதாண்டு வரலாறு நின்றது என்பதையோ, ஒவ்வொரு தெரிவின்போதும் வெவ்வேறு கைகளுக்குப் பணம் சென்றது என்பதையோ வாடிக்கையாளருட் பெரும்பாலோர் அறியவில்லை. அவ்வினா எங்ஙனம் தோன்றியது, யாருடைய நலனுக்குப் பயன்பட்டது, அதன் விலையை யார் கொடுத்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடனட்டையின் தோற்றம்

பெருங்கடைகளும் எண்ணெய்க் கம்பனிகளும் தத்தம் வாடிக்கையாளருக்குக் கணக்கு அட்டைகளை வழங்கும் வழக்கம் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே நிலவியது. எனினும் ஒரே அட்டையைப் பல வணிகரிடத்தும் பயன்படுத்தும் முறை 1950ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நிறுவப்பட்ட டைனர்ஸ் கிளப் மூலமே பரவலாயிற்று. அது பெரும்பாலும் உணவகங்களிற் செலவிடும் வணிகப் பயணிகளுக்குரியதாய் இருந்தது. மாத இறுதியில் முழுத்தொகையையும் செலுத்தவேண்டும். வட்டியுடன் நீளும் கடனுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

உண்மையான கடனட்டை 1958ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பிறந்தது எனலாம். பாங்க் ஒவ் அமெரிக்கா கலிபோர்ணியாவிலுள்ள பிரெஸ்னோ நகரத்தவருக்கு ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. அவர்களுள் எவரும் அதற்கு விண்ணப்பித்திருக்கவில்லை. அட்டையை வைத்திருப்போர் இல்லாதவிடத்து வணிகர் சேரமாட்டார். வணிகர் சேராதவிடத்து எவரும் அட்டையை விரும்பமாட்டார். இச்சிக்கலை அவ்வங்கி ஊர் முழுவதற்கும் அட்டையை வழங்குவதன் மூலம் அவிழ்த்தது. தொடக்கத்தில் இதற்காக அவ்வங்கி கொடுத்த விலை பெரிது. நூற்றுக்கு 4 கணக்குகளே நிலுவையில் விழும் என எதிர்பார்க்கப்பட, நூற்றுக்கு 22 கணக்குகள் நிலுவையில் வீழ்ந்தன. ஆயினும் அத்திட்டம் நிலைத்தது. 1966இல் ஏனைய மாநிலங்களின் வங்கிகளுக்கும் அதன் உரிமம் வழங்கப்பட்டது. அதே ஆண்டிற் போட்டி வங்கிகள் ஒன்றிணைந்து பிறிதோர் அமைப்பினை நிறுவின. முன்னையது 1976இல் விசா என்றும், பின்னையது 1979இல் மாஸ்டர்கார்ட் என்றும் பெயர்பெற்றன.

இவ்வமைப்புகளின் உள்ளியக்கத்தில் ஒரு கட்டணம் மையமாக விளங்கியது. வாடிக்கையாளரின் வங்கி ஒன்று. வணிகரின் வங்கி மற்றொன்று. நூறு டொலருக்குப் பொருள் விற்ற வணிகருக்கு நூறு டொலரும் முழுமையாகக் கிடைப்பதில்லை. அதில் ஒரு பகுதியை வாடிக்கையாளரின் வங்கி தனக்கென எடுத்துக்கொள்ளும். இதனை இடைப்பரிமாற்றக் கட்டணம் என்பர். வணிகர் தம் வங்கியுடன் எத்துணை பேரம் பேசினும் இக்கட்டணத்தைக் குறைக்க இயலாது. ஏனெனில் அது வலையமைப்பினாற் பொதுவாக விதிக்கப்படுவது. இது போட்டியைத் தடுக்கும் விலைநிர்ணயம் எனப் புளோரிடாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 1979இல் வழக்குத் தொடுத்தது. கடன் வழங்கும் வங்கி தாங்கும் செலவுக்கும் இடருக்கும் இக்கட்டணம் தேவையானதே என்ற வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் ஏற்றுக்கொண்டது. இத்தீர்ப்புப் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது. கடன் கொடுப்பதால் ஏற்படும் செலவே கட்டணத்திற்கு நியாயம் என்றால், கடனே கொடாதவிடத்து அக்கட்டணத்திற்கு என்ன நியாயம் என்ற வினா அங்கேயே கருக்கொண்டிருந்தது.

வைப்புக் கணக்கின் வழி

மற்றைப் பொத்தானின் வரலாறு வேறோரிடத்தில் தொடங்குகின்றது. 1967ஆம் ஆண்டு இலண்டனின் என்பீல்ட் பகுதியில் பார்க்ளேஸ் வங்கியும், 1969ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் ரொக்வில் சென்ரரிற் கெமிக்கல் வங்கியும் தன்னியக்கப் பணம் வழங்கும் இயந்திரங்களை நிறுவின. அடுத்த தசாப்தத்தில் இவ்வியந்திரங்கள் அமெரிக்கா முழுவதும் பரவவே, அயல்வங்கிகள் தம் இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பிராந்திய வலையமைப்புகளை உருவாக்கின. நைஸ், ஸ்டார், பல்ஸ் முதலியன இவ்வாறு தோன்றியவை. சுவரிலுள்ள இயந்திரத்தில் இரகசிய எண்ணைக் கொடுத்துத் தன் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலுமாயின், அதே எண்ணைக் கடைக்காரரிடத்துள்ள கருவியிற் கொடுத்துப் பொருளின் விலையைச் செலுத்தவும் இயலும் அன்றோ? 1980களில் எரிபொருள் நிலையங்களிலும் பலசரக்கு அங்காடிகளிலும் இம்முறை வழக்கிற்கு வந்தது.

இங்கு கடன் என்பதே இல்லை. வாடிக்கையாளரின் நடைமுறைக் கணக்கிலிருந்து பணம் உடனடியாகக் கழிக்கப்பட்டது. வங்கியின் ஏட்டில் அது அவர் கணக்கின் பற்றுப் பக்கத்திற் பதியப்படுவதாலேயே அட்டைக்குப் பற்று என்ற பெயர் வாய்த்தது. செய்தி ஒருமுறை சென்றது; அனுமதியும் கழிப்பும் ஒருங்கே நிகழ்ந்தன. காசோலைகளைக் கையாளும் செலவு வங்கிக்கு மிஞ்சியமையால், இம்முறைக்கு வணிகரிடம் பெறப்பட்ட கட்டணமும் மிகச் சிறிதாகவே இருந்தது.

ஒரே அட்டை, இரு பாதைகள்

இரு பெரும் வலையமைப்புகளும் இவ்வளர்ச்சியை வாளாவிருந்து நோக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் விசாவும் மாஸ்டர்கார்டும் என்ட்ரீ என்ற பெயரிற் கூட்டாகப் பற்று வலையமைப்பொன்றினை நிறுவ முயன்றன. இது போட்டியை முளையிலேயே கிள்ளும் முயற்சி எனப் பதினான்கு மாநிலங்கள் 1989இல் வழக்குத் தொடர்ந்தன. 1990இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் விசா கலிபோர்ணிய வங்கிகளின் இன்ரர்லிங்க் வலையமைப்பை விலைக்கு வாங்கியது. மாஸ்டர்கார்ட் மாஎஸ்ட்ரோ என்பதைத் தொடங்கியது.

இவற்றினும் முக்கியமானது பிறிதொரு வழியாகும். 1990களில் வங்கிகள் தம் வாடிக்கையாளர் கையிலிருந்த பணம் எடுக்கும் அட்டைகளை மீளப்பெற்று, அவற்றிற்குப் பதிலாக விசா அல்லது மாஸ்டர்கார்ட் இலச்சினை பொறித்த புதிய அட்டைகளை அனுப்பின. தோற்றத்தில் அது கடனட்டை. தொழிற்பாட்டில் அது நடைமுறைக் கணக்கின் திறவுகோல். அட்டையின் முகப்பிற் பெரிய வலையமைப்பின் சின்னமும், பின்புறத்திற் பிராந்திய வலையமைப்புகளின் சிறு சின்னங்களும் அச்சிடப்பட்டிருந்தன. ஆகவே ஒரே கணக்கிலுள்ள ஒரே பணம் கடையினைச் சென்றடைவதற்கு இரு பாதைகள் உருவாயின. இரகசிய எண்ணைக் கொடுத்தாற் பிராந்திய வலையமைப்பு. கையொப்பமிட்டால் விசா அல்லது மாஸ்டர்கார்ட். எப்பாதை என்பதைக் கருவிக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. “பற்றா, கடனா?” என்ற வினா இவ்வாறே தோன்றியது.

இங்கு சொல்லும் பொருளும் பிரிந்தமை நோக்கற்பாலது. பற்று அட்டையை வைத்திருந்த ஒருவர் “கடன்” என்ற பொத்தானை அழுத்தியபோது அவருக்கு ஒரு சதமேனும் கடனாக வழங்கப்படவில்லை. அவருடைய பணமே அவருடைய கணக்கிலிருந்து சென்றது. வேறுபாடு யாதெனில், முதலில் அனுமதிச் செய்தி மட்டும் சென்று, கழிப்பு ஓரிரு நாட்களின் பின் நிகழ்ந்தது என்பதே. பொத்தானிற் பொறிக்கப்பட்ட சொற்கள் பணத்தின் தன்மையைக் குறிக்கவில்லை. செய்தி செல்லும் வழியையே குறித்தன.

ஆயின் வணிகருக்கோ இவ்வேறுபாடு பெரிதாயிருந்தது. நூறு டொலர் விற்பனைக்கு எண்வழிப் பாதையிற் சில சதங்களே கட்டணமாக அமைந்த காலத்தில், கையொப்பப் பாதையில் ஒரு டொலருக்கும் மேலாகக் கட்டணம் அறவிடப்பட்டது. இரகசிய எண்ணைவிடக் கையொப்பத்தைப் போலிசெய்தல் எளிது. எனவே பாதுகாப்பிற் குறைந்த வழிக்கே கூடிய விலை கொடுக்கவேண்டியிருந்தது. அவ்விலையின் பெரும்பகுதி அட்டையை வழங்கிய வங்கியைச் சேர்ந்தமையால், வங்கிகள் வாடிக்கையாளரைக் கையொப்பத்தின் பக்கம் திருப்புவதில் ஊக்கங்காட்டின. கையொப்பமிட்டவர்களுக்குப் பரிசுப் புள்ளிகள் வழங்கப்பட்டன. வேறு சில வங்கிகள் எண்ணைப் பயன்படுத்தியவர்களிடம் தனிக்கட்டணம் அறவிட்டன. வணிகரோ தம் கருவிகளில் எண்ணைக் கேட்கும் திரையே முதலில் தோன்றுமாறு அமைத்தனர். வாடிக்கையாளரின் விரல் எப்பொத்தானைத் தொடுகின்றது என்பதன்மேல் இரு தரப்பினரும் நிகழ்த்திய போராட்டம் இது. போராட்டத்தின் களமாயிருந்தவர்க்கோ அப்போராட்டமே தெரியாதிருந்தது.

வழக்கும் இணக்கமும்

கடனட்டையை ஏற்கும் வணிகர் அவ்வலையமைப்பின் சின்னந்தாங்கிய எல்லா அட்டைகளையும் ஏற்றாகவேண்டும் என்பது விதி. வேண்டாத பற்று அட்டையை மறுக்கும் வணிகர் வேண்டிய கடனட்டையையும் இழப்பர். இவ்விதி ஒரு பொருளோடு மற்றொன்றைக் கட்டாயமாகப் பிணைத்து விற்பதாகும் எனக் கூறி வோல்மார்ட் முதலிய வணிகர்கள் 1996ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தனர். நாடெங்குமுள்ள பல மில்லியன் வணிகர்களின் சார்பில் அவ்வழக்கு நடைபெற்றது. 2003இல், விசாரணை தொடங்கும் தறுவாயில், விசா ஏறத்தாழ 2 பில்லியன் டொலரும், மாஸ்டர்கார்ட் ஏறத்தாழ 1 பில்லியன் டொலரும் வழங்க இணங்கின. 2004 சனவரி முதலாகக் கடனட்டையை ஏற்று அவற்றின் பற்று அட்டையை மறுக்கும் உரிமை வணிகருக்குக் கிடைத்தது. பற்று அட்டையின் முகப்பில் அஃது இன்னதெனத் தெளிவாகப் பொறிக்கப்படவேண்டும் என்பதும் இணக்கத்தில் இடம்பெற்றது. கையிலிருப்பது எவ்வகை அட்டை என்பதைக் கண்ணாற் கண்டறிவதற்கே அமெரிக்கர் ஒரு வழக்கின் முடிவுவரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் இவ்வெற்றி ஏட்டளவிற் சுருங்கியது. மக்கட்கு அட்டை பழகிவிட்டமையால் அதனை மறுக்கத் துணிந்த வணிகர் சிலரே. 2003இல் மின்னியற் கொடுப்பனவுகளின் எண்ணிக்கை காசோலைகளை விஞ்சியது. 2006இற் பற்று அட்டைக் கொடுப்பனவுகளின் எண்ணிக்கை கடனட்டையினதையும் விஞ்சியது. மறுக்கும் உரிமை கிடைத்த வேளையில் மறுக்கும் ஆற்றல் போய்விட்டது.

சட்டத்தின் இரு முகங்கள்

கட்டணம் பற்றிய போராட்டம் வங்கிகளுக்கும் வணிகருக்கும் இடையிலானது. வாடிக்கையாளரை நேரடியாகத் தொட்டது பாதுகாப்புப் பற்றிய சட்டமாகும். கேளாதார்க்குக் கடனட்டை அனுப்புவதை 1970ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடைசெய்தது. களவாடப்பட்ட கடனட்டைக்கு அதன் உரிமையாளர் ஏற்கவேண்டிய பொறுப்பினை அதே திருத்தம் 50 டொலராக வரையறுத்தது. 1974ஆம் ஆண்டின் நேர்மையான கடன் பட்டியற் சட்டம், பிழையான பட்டியலை மறுத்துரைக்கவும், விசாரணை முடியும்வரை அத்தொகையைச் செலுத்தாதிருக்கவும் உரிமை வழங்கியது.

பற்று அட்டைக்குரிய மின்னியல் நிதி மாற்றச் சட்டம் 1978இல் இயற்றப்பட்டது. அதன்படி அட்டை தொலைந்தமையை அறிந்து இரண்டு வேலைநாட்களுக்குள் அறிவித்தாற் பொறுப்பு 50 டொலர்; தவறினால் 500 டொலர் வரை. களவான கழிப்பினைக் காட்டும் கணக்கறிக்கை அனுப்பப்பட்டு 60 நாட்கள் கடந்தபின்னும் அறிவியாதிருந்தால், அதன்பின் நிகழும் இழப்புக்கு எல்லையே இல்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் பிற்காலத்தில் தாமாக முன்வந்து கூடிய பாதுகாப்பை அறிவித்தன என்பது உண்மையே. ஆயின் அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. மேலும் கடனட்டையில் மோசடி நிகழ்ந்தால் தர்க்கத்துக்குள்ளாவது வங்கியின் பணம். பற்று அட்டையில் நிகழ்ந்தால் வெறுமையாவது வாடிக்கையாளரின் கணக்கு. வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம் மீண்டு வரும்வரை வாடகை காத்திராது. பற்று அட்டையிற் “கடன்” பொத்தானை அழுத்தியவர்களுட் சிலர் தமக்குக் கடனட்டைச் சட்டத்தின் காப்பு உண்டென எண்ணியிருத்தல் கூடும். சட்டமோ பொத்தானை நோக்கவில்லை. பணம் எக்கணக்கிலிருந்து சென்றது என்பதையே நோக்கியது.

கடனை வேண்டாது பற்றினைத் தெரிந்தவரும் கடனிலிருந்து தப்பினார் என்பதற்கில்லை. கணக்கிற் பணம் போதாதபோதும் வங்கி கொடுப்பனவை அனுமதித்து, அதற்கெனத் தண்டக்கட்டணம் அறவிட்டது. இஃது மேலதிகப்பற்று ஆகும். 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நடைமுறைக்கு வந்த விதி, வாடிக்கையாளரின் முன்சம்மதம் இன்றி அன்றாடப் பற்று அட்டைக் கொடுப்பனவுகளுக்கு இக்கட்டணத்தை அறவிடலாகாது என்றது. 2014இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் வெளியிட்ட ஆய்வின்படி, பற்று அட்டை மேலதிகப்பற்றுக் கட்டணங்களிற் பெரும்பாலானவை 24 டொலருக்கு மேற்படாத கொள்வனவுகளாலே விளைந்தவை. கட்டணத்தின் இடைநிலை அளவோ 34 டொலர். வாங்கிய பொருளினும் வாங்கியமைக்கான தண்டம் பெரிதாயிற்று. கடன் என்ற பெயரின்றி வந்த இக்கடனே எல்லாவற்றினும் விலையுயர்ந்தது எனலாம்.

2010ஆம் ஆண்டுத் திருத்தமும் அதன் பின்னரும்

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியையடுத்து 2010 யூலையில் இயற்றப்பட்ட நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில், இலினோய் மாநிலச் செனற்றர் ரிச்சர்ட் டேர்பின் முன்மொழிந்த பிரிவொன்று இடம்பெற்றது. பற்று அட்டைக்கான இடைப்பரிமாற்றக் கட்டணம் செலவுக்கு ஏற்ற நியாயமான அளவினதாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பெடரல் ரிசேர்வ் சபை முதலில் 12 சதம் என்ற உச்ச அளவை முன்வைத்தது. வங்கிகளின் எதிர்ப்பின் பின்னர் 2011 ஒக்ரோபர் முதல் 21 சதமும், கொள்வனவுத் தொகையின் நூற்றுக்கு 0.05 பங்கும், மோசடித் தடுப்புக்கென மேலும் 1 சதமும் உச்ச அளவாயின. அதற்கு முன்னர்ச் சராசரிக் கட்டணம் ஏறத்தாழ 44 சதமாக இருந்தது. 10 பில்லியன் டொலருக்குக் குறைந்த சொத்துடைய வங்கிகள் இவ்வரையறைக்கு உட்படவில்லை. ஒவ்வொரு பற்று அட்டையிலும் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு வலையமைப்புகளேனும் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பாதையைத் தெரியும் உரிமை இதனாற் பெரும்பாலும் வணிகர் கைக்கு மாறியது.

விளைவுகள் ஒருமுகமாய் அமையவில்லை. பாங்க் ஒவ் அமெரிக்கா பற்று அட்டைக்கு மாதம் 5 டொலர் அறவிடப்போவதாக அறிவித்து, மக்களின் சீற்றத்தால் 2011 நவம்பரில் அதனைக் கைவிட்டது. சிறு தொகைக்குப் பொருள் விற்கும் கடைகள் முன்னர்ச் சலுகைக் கட்டணம் செலுத்தியவை. உச்ச அளவே விலையாக மாறியபோது அவை முன்னையினும் கூடுதலாகச் செலுத்தின. வணிகரின் வழக்கில் மாவட்ட நீதிபதி 2013இல் இவ்விதியைப் பிழையென்றார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அத்தீர்ப்பை மாற்றியது. வட டக்கோட்டாவின் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்று தொடுத்த வழக்கில், விதி வெளியாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின் தோன்றிய வணிகரும் அதனை எதிர்க்கலாம் என உயர் நீதிமன்றம் 2024 யூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் நீதித் திணைக்களம் விசாவுக்கு எதிராக ஏகபோக வழக்கொன்றைத் தொடர்ந்தது. நாட்டின் பற்று அட்டைக் கொடுப்பனவுகளில் நூற்றுக்கு 60இற்கும் மேற்பட்டவை விசாவின் வழியே செல்கின்றன என்பது அத்திணைக்களத்தின் கூற்று.

பொத்தான் பற்றிய பிணக்கும் ஓயவில்லை. 2015 ஒக்ரோபரின் பின் சில்லுப் பொருத்திய அட்டைகள் பரவியபோது, எண்ணா கையொப்பமா என்ற சிக்கல் புதிய திரைகளில் மீண்டது. எண்ணையே கட்டாயமாக்க விடவில்லை என விசாவுக்கு எதிராக வோல்மார்ட் 2016இல் வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்பிரலிற் பெரும் வலையமைப்புகள் கையொப்பத்தைக் கட்டாயமாகக் கேட்பதையே கைவிட்டன. நெடுங்காலம் ஒரு பாதைக்கு அடையாளமாயிருந்த கையொப்பம் இவ்வாறு ஓசையின்றி மறைந்தது. அதற்கென விதிக்கப்பட்ட கட்டணம் அதனோடு மறையவில்லை.

விலையை யார் கொடுத்தனர்?

வணிகர் செலுத்தும் கட்டணம் வணிகரோடு நின்றுவிடுவதில்லை. அது பொருளின் விலையிற் கலந்துவிடுகின்றது. அவ்விலையை அட்டையில் வாங்குவோரும் காசு கொடுத்து வாங்குவோரும் ஒருங்கே செலுத்துகின்றனர். ஆயின் பரிசுப் புள்ளிகள் அட்டைக்காரருக்கு மட்டுமே உரியவை. கடனட்டைகள் தொடர்பாகப் பொஸ்ரன் பெடரல் ரிசேர்வ் வங்கியின் ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, காசினைப் பயன்படுத்தும் குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரி 149 டொலரை அட்டையைப் பயன்படுத்துவோருக்கு மறைமுகமாக வழங்கியது. அட்டையைப் பயன்படுத்தும் குடும்பமோ சராசரி 1,133 டொலரைப் பெற்றது. கடனட்டைகளைப் பெரிதும் கையாள்வோர் வசதியுடையோர் ஆதலால், இம்மாற்றம் இல்லாதாரிடமிருந்து உள்ளாரை நோக்கியே நிகழ்ந்தது. வரியாயின் அது சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டிருக்கும். பொத்தானின் வடிவில் வந்தமையால் எவரும் அதனை வரியென உணரவில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, “பற்றா, கடனா?” என்ற வினா தொழில்நுட்பத்தின் தேவையிற் பிறந்ததன்று, இரு வேறு வரலாறுகளையுடைய வலையமைப்புகள் ஒரே அட்டையின்மீது உரிமை கொண்டாடியமையாற் பிறந்தது. இரண்டாவது, கடனுக்கென நியாயப்படுத்தப்பட்ட கட்டணம் கடனில்லாத இடத்திற்கும் நீட்டப்பட்டது. கடன் என்ற சொல்லே அதற்குப் போர்வையாயிற்று. மூன்றாவது, தெரிவு செய்பவர் ஒருவர், அத்தெரிவின் செலவைத் தாங்குபவர் மற்றொருவர் என்ற நிலையிற் சந்தையின் போட்டி விலையைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டியது. வாடிக்கையாளரின் வங்கியைக் கவர்வதற்காக வலையமைப்புகள் கட்டணத்தை உயர்த்தியமை இதற்குச் சான்று.

தெரிவு செய்யும் உரிமை மனிதனுக்குப் பெருமை தருவது. ஆயின் தெரிவின் பொருளை அறியும் வாய்ப்பு இல்லாதவிடத்து அவ்வுரிமை பிறரது நலனை நிறைவேற்றும் கருவியாக மாறிவிடுகின்றது. காசாளர் கேட்ட வினாவுக்கு அமெரிக்க மக்கள் பல்லாயிரம் கோடி முறை விடையளித்தனர். வினாவை அமைத்தவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. அவ்வாறு கேட்டமையாலேயே 1996இலும் 2010இலும் ஒரு சிறு மாற்றமாவது நிகழ்ந்தது என்பதை வரலாறு காட்டுகின்றது.